ஸ்பானிஷ் ஆம்லெட்டில் உருளைக்கிழங்கு எங்கே?

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். உங்கள் ஞாயிறு இணைப்பில் வீட்டில் எல்லோரும் சாப்பிட ஸ்பானிஷ் ஆம்லெட் என்று ஒரு சமையல் குறிப்பு வந்திருந்தது. மூன்று முட்டை, குடைமிளகாய், தக்காளி, துருவிய சீஸ், கறுப்பு ஆலிவ், மேலே ஒரு சிட்டிகை ஆரிகானோ, பத்து நிமிடத்தில் ரெடி, ஆளுக்கு ஒன்று. படமும் பளபளவென்று நன்றாகத்தான் இருந்தது. எல்லாம் சரி, உருளைக்கிழங்கு எங்கே? ஸ்பெயினில் இந்த ஆம்லெட் என்றாலே முட்டையில் உருளைக்கிழங்கு சேர்த்துக் கனமாகச் செய்வதுதான். நான் ஸ்பெயினின் வடமேற்கு மூலையில், கலீசியா மாநிலத்தில், லா கொருன்யா நகரத்தில் குடும்பத்தோடு இருக்கிறேன், உங்கள் பத்திரிகையை இணையத்தில்தான் படிக்கிறேன். இந்தப் பண்டம் இங்கே எந்த வீட்டுக்குப் போனாலும் இருக்கும், எங்கள் வீட்டிலும் அடிக்கடி ராத்திரிச் சாப்பாடு இதுதான். அதனால்தான் எழுதாமல் இருக்க முடியவில்லை.

குறிப்பு எழுதியவரைக் குறை சொல்ல வரவில்லை. நம் ஊர்ப் பெரிய ஹோட்டல்களில் காலை பஃபேயில் நின்று ஸ்பானிஷ் ஆம்லெட் என்று கேட்டால் வெங்காயம், தக்காளி, குடைமிளகாய் போட்டு மடித்துத்தான் தருகிறார்கள். அமெரிக்கச் சமையல் புத்தகங்களில் நூறு வருஷத்துக்கு மேலாகவே சாதாரண ஆம்லெட்டுக்குத் தக்காளி சாஸ் ஊற்றி இந்தப் பெயரை வைத்திருக்கிறார்கள். அதுவும் நல்ல ஆம்லெட்தான், சாப்பிடலாம், யாரும் வேண்டாம் என்று சொல்லவில்லை. ஆனால் எல்லோரும் சேர்ந்து சாப்பிட என்று தலைப்புப் போட்டுவிட்டு ஆளுக்கு ஒன்றாக ஊற்றச் சொன்னதைத்தான் என்னால் ஏற்க முடியவில்லை.

நம் வீடுகளில் ஆம்லெட் போடும் ராத்திரி எப்படி இருக்கும் என்று உங்களுக்கே தெரியும். சின்னவனுக்கு வெங்காயம் கூடாது, பெரியவளுக்கு ஓரம் கருகக் கூடாது, அப்பாவுக்கு மிளகு தூக்கலாக வேண்டும், மாமியாருக்கு நடுவில் துளி ஈரம் இருந்தாலும் ஆகாது, ஒவ்வொன்றாக ஊற்றி, திருப்பி, தட்டில் போட்டு, அடுத்ததற்கு முட்டையை உடைத்து, கடைசியில் அடுப்படியில் நின்றவர் தனக்கென்று ஒன்றைப் போட்டுக்கொண்டு வரும்போது மற்றவர்கள் கை கழுவிவிட்டு டிவி முன்னால் உட்கார்ந்திருப்பார்கள். சுடச்சுட இருந்தால்தான் ருசி என்று ஒரு பண்டத்தைப் பழக்கிவிட்டால், அதைச் செய்கிறவருக்கு மற்றவர்களோடு உட்கார இடமே கிடையாது. ஸ்பெயின்காரர்களின் ஆம்லெட் இந்த விஷயத்தில் நேர் எதிர். ஒரே வாணலி, ஒரே ஆம்லெட், இரண்டு விரல் கனம். சாப்பிட உட்காருவதற்கு அரை மணி நேரம் முன்பே செய்து முடித்து வைத்துவிடலாம், வெதுவெதுப்பாக இருக்கும்போதுதான் அது நன்றாகவே இருக்கும். முக்கோணத் துண்டுகளாக வெட்டி நடுவில் வைத்துவிட்டு, சமைத்தவரும் எல்லோரோடும் உட்காரலாம். எனக்கு இந்தப் பண்டம் பிடித்துப்போனதற்கு ருசியைவிட இதுதான் காரணம்.

சாமான்கள் என்று பார்த்தால் நான்குதான். உருளைக்கிழங்கு, முட்டை, எண்ணெய், உப்பு. வெங்காயம் சேர்க்கலாமா கூடாதா என்பது இந்த நாட்டில் தீராத சண்டை. வெங்காயம் போடும் கட்சிக்கு ஒரு பெயர், போடாத கட்சிக்கு ஒரு பெயர் என்று வைத்துக்கொண்டு பேசுவார்கள், சூப்பர் மார்க்கெட்டில் பாக்கெட்டில் அடைத்து விற்பதும் வெங்காயத்தோடு ஒன்று, இல்லாமல் ஒன்று என்று இரண்டு வகையாகத்தான் இருக்கும். நான் இருக்கும் பகுதியில் வெங்காயம் போடாதவர்கள் நிறைய. எங்கள் கட்டிடத்தில் மேல் மாடியில் இருக்கும் பாட்டி, வெங்காயம் போட்டால் கிழங்கின் ருசி தெரியாது என்று அடித்துச் சொல்வார். நான் போடுகிறேன். வெங்காயம் வதங்கும் வாசனை இல்லாமல் ஒரு சமையலை ஆரம்பிக்க எனக்கு மனசு வரவில்லை, அவ்வளவுதான்.

இது பணக்காரர் வீட்டுப் பண்டம் இல்லை என்பதையும் சொல்லியாக வேண்டும், ஏனென்றால் சீஸும் ஆலிவும் போட்ட உங்கள் குறிப்பைப் படிப்பவர்கள் இதை ஏதோ செலவு பிடித்த சமாச்சாரம் என்று நினைத்துவிடுவார்கள். தென் அமெரிக்காவின் ஆண்டிஸ் மலைகளிலிருந்து உருளைக்கிழங்கு ஸ்பெயினுக்கு வந்தது 16ஆம் நூற்றாண்டில். வந்த உடனே யாரும் அதைத் தலையில் வைத்துக் கொண்டாடவில்லை, ரொம்ப காலம் கால்நடைத் தீவனமாகவும் ஏழைகளின் சாப்பாடாகவும்தான் இருந்தது. கலீசியாவில் 18ஆம் நூற்றாண்டில் செஸ்ட்நட் மரங்களில் நோய் விழுந்தது. இங்கே கிராமத்து ஜனங்களுக்கு அந்தக் கொட்டைதான் பாதி வயிற்றை நிரப்பி வந்தது. அதோடு 1768, 1769இல் பஞ்சமும் சேர்ந்துகொண்டதால் மக்கள் கிழங்கு பக்கம் திரும்பினார்கள். இன்றைக்குக் கலீசியக் கிழங்குக்கு ஐரோப்பாவின் புவிசார் குறியீடு இருக்கிறது, கென்னெபெக் என்ற ரகம், கடையில் அந்த முத்திரையைப் பார்த்துத்தான் வாங்குகிறார்கள்.

கிழங்கும் முட்டையும் எப்போது ஒன்று சேர்ந்தன என்பதற்குப் பல ஊர்கள் பாத்தியதை கொண்டாடுகின்றன. ஸ்பெயினின் மேற்கே எஸ்த்ரெமதூரா பக்கம் ஓர் ஊர் 1798ஐச் சொல்லி எங்களுடையது என்கிறது. சுமலகார்ரெகி என்ற தளபதி பில்பாவோ நகர முற்றுகையின்போது தன் படைக்கு வயிறு நிறைய என்ன கொடுக்கலாம் என்று யோசித்துக் கண்டுபிடித்தார் என்று ஒரு கதை, ஒரு ஏழைக் குடியானவப் பெண் வீட்டில் இருந்ததைப் போட்டு அவருக்குச் செய்து கொடுத்தாள் என்று இன்னொரு கதை. அந்த முற்றுகை நடந்ததும் அவர் இறந்ததும் 1835இல். ஆனால் 1817இலேயே நவார்ரா பகுதியின் சபைக்குப் பெயர் போடாமல் யாரோ எழுதிய மனு ஒன்று இருக்கிறது. மலைப் பகுதி ஜனங்கள் படும் கஷ்டத்தைச் சொல்லும் அந்த மனுவில், ஐந்தாறு பேர் இருக்கும் வீட்டுக்கு இரண்டு மூன்று முட்டைதான், எங்கள் பெண்கள் அதில் உருளைக்கிழங்கையோ ரொட்டித் துகளையோ கலந்து பெரிதாக, கனமாகப் போடத் தெரிந்தவர்கள் என்று வருகிறது. அப்படிப் பார்த்தால் தளபதி கதை அடிபட்டுப் போகிறது. இரண்டு முட்டையை ஐந்து பேருக்கு எட்ட வைக்க வேண்டும் என்ற கவலையில் பிறந்த பண்டத்தை ஆளுக்கு மூன்று முட்டை என்று அச்சடித்தால் எப்படி?

பசியைப் பற்றி இன்னும் ஒன்று. 1936இலிருந்து 1939 வரை நடந்த உள்நாட்டுப் போருக்குப் பிறகு இந்த நாடு ரேஷனில் கிடந்தது. 1941இல் வெளிவந்த ஒரு சமையல் புத்தகத்தில் முட்டையும் இல்லாமல் கிழங்கும் இல்லாமல் இதே ஆம்லெட் செய்ய ஒரு வழி சொல்லப்பட்டிருக்கிறது. ஆரஞ்சுத் தோலின் உள்பக்கம் வெள்ளையாக இருக்குமே, அதைச் சீவி ஊற வைத்துக் கிழங்குக்குப் பதிலாகப் போட வேண்டும், மாவைத் தண்ணீரில் கரைத்து நிறம் சேர்த்து முட்டைக்குப் பதிலாக ஊற்ற வேண்டும். யோசித்துப் பாருங்கள், சாப்பிட ஒன்றும் இல்லாத காலத்தில்கூட அந்த வட்டத்தை வெட்டி மேசையில் வைக்க வேண்டும் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்கிறது. மேல் மாடிப் பாட்டிக்கு இந்த விஷயம் அவர் அம்மா சொல்லித் தெரியும், ஆனால் அதைப் பற்றிப் பேச அவருக்கு அவ்வளவாகப் பிடிக்காது.

சரி, செய்முறைக்கு வருகிறேன். நாலு பேருக்கு 700 கிராம் கிழங்கு, ஆறு முட்டை, ஒரு நடுத்தர வெங்காயம், 24 சென்டிமீட்டர் அகலமுள்ள, விளிம்பு கொஞ்சம் உயரமான நான்ஸ்டிக் வாணலி. தோசைக்கல்லில் வராது, எல்லாம் வழிந்து அடுப்பில் கொட்டும். கிழங்கைத் தோல் சீவி, கழுவி, துடைத்து, நீளவாக்கில் நாலாகப் பிளந்து, ஒவ்வொன்றையும் மெல்லிய வில்லைகளாக நறுக்குங்கள். எல்லாம் ஒரே கனத்தில் இருக்க வேண்டும் என்று அளவெடுக்க வேண்டாம், கொஞ்சம் மெல்லியது கரைந்து முட்டையோடு சேர்ந்துகொள்ளும், கொஞ்சம் கனமானது வாயில் தட்டுப்படும், அதுதான் நல்லது. நறுக்கிய பிறகு நான் கழுவுவதில்லை, அந்த மாவுச்சத்து முட்டையைப் பிடித்துக்கொள்ள உதவும். ஊருக்கு வந்தபோது ஊட்டிக் கிழங்கில் செய்தேன், அருமையாக வந்தது. குளிர்பதனக் கிடங்கில் ரொம்ப நாள் இருந்த கிழங்கு மட்டும் இனிப்புத் தட்டும், எண்ணெயில் போட்டதும் சீக்கிரம் சிவந்துபோகும், அதைத் தவிர்த்துவிடுங்கள்.

இனிமேல்தான் முக்கியமான கட்டம். பெரும்பாலான குறிப்புகள் ஒரே வரியில் தாண்டிப் போவதும் இதைத்தான். கிழங்கை எண்ணெயில் பொரிக்கக் கூடாது, வேக வைக்க வேண்டும். வாணலியில் கிழங்கு கிட்டத்தட்ட மூழ்கும் அளவு எண்ணெய் ஊற்றி, நடுத்தரத்துக்கும் குறைவான தீயில் வைத்து, உப்புப் போட்ட கிழங்கையும் நறுக்கிய வெங்காயத்தையும் சேர்த்துப் போடுங்கள். போட்டவுடன் சின்னச் சின்னக் குமிழி மெதுவாக வர வேண்டும், சடசடவென்று சத்தம் கேட்டால் தீ அதிகம், உடனே குறையுங்கள். இப்படியே இருபது, இருபத்தைந்து நிமிடம், நடுநடுவே கரண்டியால் அடியிலிருந்து புரட்டிவிட்டுக்கொண்டே இருந்தால் போதும். சிப்ஸ் மாதிரி மொறுமொறுப்பாகவோ வறுவல் மாதிரி சிவப்பாகவோ வந்தால் அது வேறு பண்டம். கரண்டி விளிம்பால் அழுத்தினால் எதிர்ப்பே இல்லாமல் உடைய வேண்டும், வெங்காயம் இருக்கும் இடம் தெரியாமல் கரைந்திருக்க வேண்டும். கடைசி இரண்டு நிமிடம் தீயைக் கொஞ்சம் கூட்டினால் ஓரங்களில் லேசாகப் பொன்னிறம் ஏறும், அது அவரவர் இஷ்டம். இந்த இருபத்தைந்து நிமிடத்தை மிச்சம் பிடிக்கிறேன் என்று கிழங்கைக் குக்கரில் வேக வைத்துப் போடுகிறவர்களும் இருக்கிறார்கள், மைக்ரோவேவில் வைப்பவர்களும் இருக்கிறார்கள், சாப்பிட முடியாது என்று சொல்ல மாட்டேன், ஆனால் அது முட்டை போட்ட உருளைக்கிழங்கு மசியல், அவ்வளவுதான்.

இவ்வளவு எண்ணெயா என்று வாசகர்கள் பதறுவார்கள், எனக்கும் முதலில் அப்படித்தான் இருந்தது. அந்த எண்ணெய் முழுக்க உள்ளே போவதில்லை. வெந்ததும் ஒரு பாத்திரத்தின்மேல் வடிதட்டை வைத்து எல்லாவற்றையும் கொட்டினால் பெரும்பங்கு கீழே இறங்கிவிடும். அதை வடிகட்டி ஜாடியில் ஊற்றி, அடுத்த தடவைக்கோ மற்றச் சமையலுக்கோ வைத்துக்கொள்வதுதான் இங்கே வழக்கம், தீ குறைவு என்பதால் எண்ணெயும் கெட்டுப்போயிருக்காது. ஆலிவ் எண்ணெய்தான் வேண்டுமா என்றால், இங்கே அதுதான். உலகத்திலேயே அதிகமாக ஆலிவ் எண்ணெய் எடுக்கும் நாடு இது, ஆனாலும் மழை பொய்த்து 2024 தொடக்கத்தில் ஒரு லிட்டர் ஒன்பது, பத்து யூரோ வரைக்கும் ஏறியது, அரசாங்கம் அந்த வருஷம் ஜூலையில் அதன்மேல் இருந்த வரியையே பூஜ்யமாக்கியது. அப்போது பல வீடுகளில் சத்தமில்லாமல் சூரியகாந்தி எண்ணெய்க்கு மாறினார்கள். அதனால் நம் ஊரில் செய்பவர்கள் ஆலிவ் எண்ணெய் வாங்கக் கடன் வாங்க வேண்டாம், சூரியகாந்தி எண்ணெயோ கடலை எண்ணெயோ போதும். நல்லெண்ணெயும் தேங்காய் எண்ணெயும் மட்டும் வேண்டாம், அவற்றின் வாசனை கிழங்கை அமுக்கிவிடும்.

முட்டையை ஒரு அகலமான கிண்ணத்தில் உடைத்து, உப்புப் போட்டு, முள்கரண்டியால் கலக்குங்கள். நுரை பொங்க அடிக்க வேண்டாம். வடித்த கிழங்கு கொஞ்சம் சூடு தணிந்ததும் அதில் கொட்டி, லேசாக நசுக்கிக் கலந்து, ஒரு பத்துப் பதினைந்து நிமிடம் அப்படியே விட்டுவிடுங்கள். கிழங்கு முட்டையைக் குடித்துக் கலவை அடை மாவு பதத்துக்கு வந்துவிடும். இந்தப் பத்து நிமிடத்தை விட்டால் முட்டை தனி, கிழங்கு தனி என்று வெட்டும்போது உதிரும். பால் ஊற்றாதீர்கள், பேக்கிங் பவுடர் போடாதீர்கள், இரண்டையும் இணையத்தில் எங்கெங்கோ பார்த்திருக்கிறேன், எதற்கென்று எனக்குப் புரியவில்லை.

வாணலியைத் துடைத்து, ஒரு ஸ்பூன் எண்ணெய் விட்டு, நன்றாகச் சூடானதும் கலவையை ஊற்றி, அரை நிமிடத்தில் தீயைக் குறையுங்கள். ஓரத்தைக் கரண்டியால் உள்பக்கம் ஒதுக்கிக்கொண்டே வந்தால் வட்டம் அழகாக நிற்கும். மூன்று நிமிடத்தில் அடி பிடித்து, வாணலியை ஆட்டினால் முழுசாக நகரும், மேலே மட்டும் இன்னும் தளதளவென்று இருக்கும். அப்போதுதான் திருப்ப வேண்டும். வாணலியைவிடப் பெரிய, தட்டையான தட்டு ஒன்றைக் கவிழ்த்து மூடி, உள்ளங்கையால் அழுத்திப் பிடித்து, சிங்க் பக்கம் போய், தயங்காமல் ஒரே வீச்சில் கவிழ்த்துவிடுங்கள். மெதுவாகத் திருப்பினால்தான் ஓரத்தில் வழிந்து கையைச் சுடும். இதற்கென்றே பிடி வைத்த பீங்கான் மூடி இங்கே கடைகளில் விற்கிறது, அது இல்லாமல் தட்டிலேயே திருப்புகிறவர்கள்தான் நிறைய. தட்டிலிருந்து மறுபடி வாணலியில் சறுக்கிவிட்டு, இன்னும் இரண்டு மூன்று நிமிடம். இறக்கி வைத்துப் பத்து நிமிடம் கழித்து வெட்டுங்கள்.

உள்ளே எவ்வளவு வேக வேண்டும் என்பதில் வெங்காயச் சண்டைக்குச் சமமாக இன்னொரு சண்டை உண்டு. எங்கள் ஊரிலிருந்து அரை மணி நேரத் தூரத்தில் பெதான்சோஸ் என்று ஒரு சிறிய பழைய நகரம், அங்கே இந்த ஆம்லெட்டை வெட்டினால் உள்ளிருந்து முட்டை தட்டில் ஓடும். வெங்காயம் கிடையாது, முட்டை தாராளம், மஞ்சள் கரு அடர் ஆரஞ்சு நிறத்தில் இருக்கும். நாடு முழுக்க அதற்குப் பேர், அதைச் சாப்பிடவே தொலைவிலிருந்து கார் போட்டுக்கொண்டு வருகிறார்கள், போட்டியெல்லாம் வைக்கிறார்கள். நல்ல முட்டையாக இருந்தால் எனக்கும் பிடிக்கும். ஆனால் இதை வீட்டில் குழந்தைகளுக்கும் வயதானவர்களுக்கும் கர்ப்பிணிகளுக்கும் செய்யாதீர்கள். 2023இல் மாட்ரிட்டில் இந்த ஆம்லெட்டுக்கே பேர்போன ஒரு கடையில் சாப்பிட்ட நூறு பேருக்கு மேல் சால்மோனெல்லா கிருமியால் படுத்துவிட்டார்கள். முட்டைப் பண்டத்தின் நடுப்பகுதி 70 டிகிரியில் இரண்டு விநாடியாவது, அல்லது 63 டிகிரியில் இருபது விநாடியாவது இருந்திருக்க வேண்டும், அதைவிடக் குறைவாக வேக வைத்தால் பாஸ்டரைஸ் செய்த, அதாவது இதமாகச் சூடுபடுத்திக் கிருமி நீக்கிய முட்டையைத்தான் பயன்படுத்த வேண்டும் என்று கடைகளுக்கு 2022 டிசம்பரில் இங்கே விதியே வந்தது. வீட்டில் யாரும் தெர்மாமீட்டர் வைத்துக்கொண்டு நிற்கப் போவதில்லை. நடுவில் ஒரு கத்தியைச் செருகி எடுத்தால் ஈரமாக வரலாம், பச்சை முட்டை ஒழுகக் கூடாது, அதுவரை வைத்தால் போதும். அதைப் போலவே, இங்கே இந்த ஆம்லெட்டை மேசையில் மூடி வைத்து மத்தியானம் செய்ததை ராத்திரி வரை சாப்பிடுவார்கள். சென்னை, மதுரை வெயிலில் அந்த வேலை வேண்டாம், இரண்டு மணி நேரத்துக்கு மேல் ஆகுமென்றால் ஃபிரிட்ஜில் வைத்துவிடுங்கள்.

குடைமிளகாயே கூடாது என்று நான் சொல்லவில்லை. பட்டாணி, சிவப்புக் குடைமிளகாய், கொஞ்சம் மிளகாய்த்தூள் போட்ட பன்றிச் சாசேஜ் எல்லாம் சேர்த்துக் கிராமத்து ஆம்லெட் என்று இங்கேயே ஒரு வகை உண்டு. ஆனால் அதிலும் கிழங்கு இருக்கும். காரம் இல்லாமல் எப்படிச் சாப்பிடுவது என்று கேட்பவர்களுக்கு, இரண்டு பச்சை மிளகாயை வெங்காயத்தோடு நறுக்கிப் போட்டால் ஒன்றும் குடி முழுகிப்போகாது, என் வீட்டுக்காரர் எலுமிச்சை ஊறுகாயோடுதான் சாப்பிடுகிறார், பாட்டிகூட ஒரு தடவை தொட்டுப் பார்த்துவிட்டுக் கொஞ்சம் கேட்டு வாங்கிப் போனார். இங்கேயும் காரத்துக்கு ஒரு வழி இருக்கிறது. பத்ரோன் என்ற ஊரின் பெயரில் விற்கும் சின்னப் பச்சை மிளகாயை எண்ணெயில் வாட்டி, கல் உப்புத் தூவிப் பக்கத்தில் வைப்பார்கள். பத்தில் எட்டு சாதுவாக இருக்கும், ஒன்றிரண்டு ஆளைக் கொல்லும், எது எது என்று கடித்தால்தான் தெரியும். பிள்ளைகளுக்கு அதுவே விளையாட்டு.

முட்டை சாப்பிடாத வீடுகளுக்கு ஒரு வார்த்தை. இங்கே வீகன் ஆட்கள் முட்டைக்குப் பதில் கொண்டைக்கடலை மாவைக் கரைத்து ஊற்றுகிறார்கள். நம் கடலை மாவிலும் வரும், தண்ணீர் கொஞ்சம் தாராளமாக விட்டுக் கரைத்து, மஞ்சள்தூள் ஒரு சிட்டிகை போட்டு, இரண்டு பக்கமும் மூடி வைத்து நிதானமாக வேக வைக்க வேண்டும், இல்லாவிட்டால் பச்சை மாவு வாசனை போகாது.

உங்களுக்குப் பத்து நிமிடத்தில் ஆகிற குறிப்புதான் வேண்டும் என்றால் அதற்கும் வழி இருக்கிறது, அதுவும் சாதாரண ஆள் சொன்னதில்லை. கட்டலோனியாவில் எல் புல்லி உணவகத்தை நடத்திய ஃபெர்ரான் அத்ரியா, உலகமே தேடி வந்த சமையல்காரர், கடையில் விற்கும் வெறும் உப்புப் போட்ட உருளைக்கிழங்கு சிப்ஸ் பாக்கெட்டைப் பிரித்து முட்டையில் கொட்டி ஊற வைத்து இந்த ஆம்லெட்டைப் போடச் சொல்கிறார். சிப்ஸ் ஏற்கனவே எண்ணெயில் வெந்ததுதானே. ஆறு முட்டைக்கு ஒரு நடுத்தர பாக்கெட், ஐந்து நிமிடம் ஊறினால் மெத்தென்று ஆகிவிடும், உப்புத் தனியாகப் போட வேண்டாம், மசாலா போட்ட சிப்ஸ் வேண்டாம். நான் செய்து பார்த்திருக்கிறேன், வேலை முடிந்து தாமதமாக வரும் நாளுக்கு இது தாராளமாகப் போதும். பாட்டியிடம் மட்டும் சொல்லவில்லை.

இங்கே இதை எப்போது சாப்பிடுகிறார்கள் என்று கேட்டால், எப்போது சாப்பிடவில்லை என்றுதான் கேட்க வேண்டும். காலை பதினொரு மணிக்கு ஆபீஸ்காரர்கள் கீழே இறங்கி காபியோடு ஒரு துண்டு, பாரில் பானத்தோடு ஒரு துண்டு, ராத்திரி ஒன்பது ஒன்பதரைக்கு வீட்டில் தக்காளி சாலட்டும் ரொட்டியுமாக முழு வட்டம். கோடையில் ரியாசோர், ஓர்சான் கடற்கரைகளில் குடும்பம் குடும்பமாகக் குடை விரித்து உட்காருவார்கள், டப்பாவைத் திறந்தால் உள்ளே இது இருக்கும். அந்த மணலில் யாரும் அடுப்பு மூட்டி நிற்பதில்லை, பாட்டி, பேரன், சமைத்த மருமகள் எல்லோரும் ஒரே நேரத்தில் சாப்பிடுகிறார்கள். என் அம்மா இங்கே வந்திருந்தபோது அதைப் பார்த்துவிட்டு, இது என்ன ஆறிப்போன ஆம்லெட் என்றுதான் முதலில் முகத்தைச் சுளித்தார். நான் ராத்திரி செய்து வைத்துவிட்டு அவரை எங்களோடு உட்கார வைத்தேன். நீ எழுந்திருக்கவே வேண்டாமா என்று இரண்டு தடவை கேட்டார். ஊருக்குப் போகும்போது நான்ஸ்டிக் வாணலி ஒன்றைப் பெட்டியில் வைத்துக் கட்டிக்கொண்டு போனார்.

மிஞ்சினால் மறுநாள் மைக்ரோவேவில் போட்டுச் சூடு பண்ணாதீர்கள், ரப்பர் ஆகிவிடும். ஃபிரிட்ஜிலிருந்து எடுத்துக் கொஞ்ச நேரம் வெளியே வைத்து, நீளமான பன்னைப் பிளந்து ஒரு துண்டை உள்ளே திணித்தால் பள்ளிக்கூட டிபன் டப்பாவுக்கு ஆயிற்று. இங்கே பிள்ளைகள் அப்படித்தான் எடுத்துப் போகிறார்கள்.

இந்தக் குறிப்பைத் திருத்திப் போடுவீர்களா மாட்டீர்களா என்று எனக்குத் தெரியாது, போட்டால் ஆறு முட்டை நாலு பேருக்கு என்று தெளிவாகப் போடுங்கள். கடிதம் நீளம்தான், இடம் பார்த்து வெட்டுவீர்கள் என்பதும் தெரியும். வெட்டுவதென்றால் தளபதி கதையை வெட்டுங்கள், எண்ணெய் விலையை வெட்டுங்கள், என் அம்மாவைக்கூட வெட்டுங்கள், கிழங்கைக் குறைந்த தீயில் இருபத்தைந்து நிமிடம் வேக வைக்கச் சொன்ன பகுதியில் மட்டும் கை வைக்காதீர்கள்.

இப்படிக்கு,
உங்கள் வாசகி,
லா கொருன்யா, ஸ்பெயின்